ஈரத்தின் பேரில் ஒரு பக்கம்

ஜெர்மன் சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது, கணக்கு எழுதும் வேலை தேடி நான் காஞ்சிபுரத்தை விட்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறினேன். பிள்ளைகளே, "ரங்கூனில் என்ன பார்த்தாய் அப்பா?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் தங்கக் கோபுரத்தையும், மரம் இழுக்கும் யானையையும் சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறேன். மற்றதை இன்றைக்குச் சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது. ஆகையால் எழுத்து அங்கங்கே கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காஞ்சிபுரத்தில் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். அந்தக் கடையில் காசுக் கணக்கைவிட எடைக் கணக்குத்தான் பெரிது. சாயம் போட்ட பட்டு நூலை நிறுத்து நெசவாளியிடம் கொடுப்போம். அவர் புடவையாக நெய்து கொண்டுவந்ததும் சரிகை எடையைத் தள்ளிவிட்டு மறுபடி நிறுப்போம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பேரேடு என்கிற பெரிய புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும், தலையில் அவர் பேர் இருக்கும். எடை குறைந்தால் அந்தப் பக்கத்தில் எழுதிக் கூலியில் பிடித்துக்கொள்வோம். குறைவுக்கு நேராகக் 'களவு' என்று ஒரு வார்த்தையும் எழுதச் சொல்லியிருந்தார் முதலாளி. "அப்பதான்பா பயம் இருக்கும்" என்பார். நானும் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு அம்மாள் வருவார். அவர் கணவர் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது என்பதால் நூல் வாங்குவதும் புடவை கொண்டுவருவதும் அந்த அம்மாள்தான். ஒரு தடவை புடவை எடையில் ஒரு பலம் குறைந்தது. நான் பேனாவை மையில் தோய்த்தேன்.

"போன தபா நீங்க நிறுத்துக் குடுக்கசொல்லோ நூலு ஈரமா இருந்திச்சி கணக்குப்பிள்ளே" என்றார் அவர். அன்றைக்குக் கொடுத்த புது நூலையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தோ, இதயும் கைய வெச்சிப் பாருங்க. சாயக்காரரு வூட்லருந்து காயாமலே வந்துக்குது."

நான் தலையைத் தூக்கவில்லை. "தராசு பொய் சொல்லுமாம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் கணவர் பேருக்கு நேராக அந்த வார்த்தையை எழுதினேன். கொம்பும் சுழியும் தப்பாமல் எழுதினேன்.

அடுத்த மாதமே வாலாஜாபாத்துக்காரர் ஒருவர் ரங்கூனிலிருந்து வந்தார். அங்கே ஓர் அரிசி ஆலையில் கூலி ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. ஆள் சேர்க்க வந்திருந்தார். "உன் கையெழுத்துக்கு இங்க இன்னாபா குடுக்கறாங்க? அங்க வா. நாற்காலி, மேசை, தலைக்கு மேல விசிறி சுத்திக்கினே இருக்கும்" என்றார். பக்கத்து ஊர்க்காரர் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். உங்கள் பெரிய அக்கா அப்போது மூன்று மாதக் குழந்தை. உங்கள் அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். அதை விற்று டிக்கெட் எடுத்தேன். கணக்கு வேலையில் உட்கார்ந்ததும் முதல் கடிதம் போடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

கப்பலை விட்டு இறங்கினதும் என் கையில் பேனாவைக் கொடுக்கவில்லை, மூட்டை தூக்கும் கொக்கியைக் கொடுத்தார்கள். நான் மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கணக்குத்தானப்பா வேணும்? தூக்கற மூட்டைய எண்ணிக்கினே போ. அதுவும் கணக்குதான்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் என்னைப்போல் ஏமாந்து வந்தவர்கள்.

ஓய்வு நாளில் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு தமிழர் கடைகளில் வேலை கேட்டுப் போனேன். ஒருவராவது என்னை நாலு வரி எழுதிக் காட்டச் சொல்லவில்லை. "நீ யாருடைய ஆள்? யார் கடிதம் கொடுத்தார்கள்?" என்றுதான் கேட்டார்கள். யாருடைய ஆளும் இல்லை என்றால் கதவைப் பார்ப்பார்கள். எனக்கு எட்டுக் கதவுகள் நினைவிருக்கின்றன.

ஆகவே மூட்டைதான். ஆற்றில் படகுகளில் நெல் வரும். படகின் அடியில் கிடந்த நெல் சொதசொதவென்று இருக்கும். அதை மூட்டை கட்டி, துறையில் நிறுத்து, முதுகில் ஏற்றிக் கிடங்கில் அடுக்குவோம். ஒரு வாரம் கழித்து ஆலைக்குள் போகும்போது மறுபடி நிறுப்பார்கள். எங்கள் கூட்டத்தில் என்னைச் சேர்த்து எட்டுப் பேர். என் பக்கத்தில் தூக்கியவர் நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். காஞ்சிபுரத்தில் தெலுங்கு பேசும் நெசவாளிகளோடு பழகியதால் எனக்கு அந்தப் பாஷை வரும். அவர் என்னைத் "தம்முடு", அதாவது தம்பி, என்று கூப்பிடுவார். மூட்டையை முதுகில் எப்படி வாங்குவது, இடுப்பு பிடித்துக்கொண்டால் என்ன செய்வது எல்லாம் அவர்தான் காட்டிக்கொடுத்தார்.

முதல் சம்பள நாளில் எங்கள் எட்டுப் பேருக்கும் கூலியில் கணிசமாகப் பிடித்திருந்தார்கள். கிடங்கில் எடை குறைந்ததாம். நான் மேஸ்திரியின் கணக்கரிடம் போனேன். அவரும் தமிழர், தெற்கத்திக்காரர். "மூட்டை ஈரமா இருந்துதுங்க. ஒரு வாரம் காஞ்சா குறையாதா? கைய வெச்சிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "தராசு பொய் சொல்லுமாய்யா?" என்றார்.

யாரோ என் காதைப் பிடித்துத் திருகியதுபோல் இருந்தது. எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் யார்மேல் என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஈர நெல்லில் ஒரு மூட்டை கட்டி, வாயை என் கையாலேயே தைத்து, கரியால் குறி போட்டேன். துறைத் தராசில் எல்லாரும் பார்க்க நிறுத்தேன். ஏழாம் நாள் கிடங்கிலிருந்து அதையே இறக்கி, தையல் பிரியாததைக் காட்டி, அதே தராசில் ஏற்றினேன். ஐந்து ராத்தல் குறைந்திருந்தது. எட்டுப் பேரும் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தோம்.

மேஸ்திரி லேசுப்பட்டவரா? என் தோளில் கைபோட்டு அப்பால் அழைத்துப் போனார். "உனக்குக் கணக்கு வேலதான வேணும்? இப்ப இருக்கற கணக்கர வேற எடத்துக்கு அனுப்பிடறேன். நாளைக்கே வந்து உக்காரு. ஆனா எப்பவும் எழுதறாப்லதான் எழுதணும். புரியுதா?"

பிள்ளைகளே, அப்பா அங்கேயே மாட்டேன் என்றிருப்பார் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் அப்பாவை உங்களுக்குத் தெரியவில்லை. நான் உட்கார்ந்தேன். அன்றே உங்கள் அம்மாவுக்கு, 'கணக்கு வேலை கிடைத்துவிட்டது' என்று கடிதம் போட்டேன். நாற்காலி இருந்தது. விசிறியும் இருந்தது, சுற்றவில்லை.

பேரேட்டைப் புரட்டினால் என் பேரில் ஒரு பக்கம் இருந்தது. அதில் எடைக் குறைவுக்கு நேராகத் 'திருட்டு' என்று எழுதியிருந்தது. காஞ்சிபுரத்தில் களவு, ரங்கூனில் திருட்டு. கடல் தாண்டியதில் வார்த்தை மட்டும்தான் மாறியிருந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் பதினோரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மற்ற ஏழு பேர் பக்கத்திலும் அதே வார்த்தையை எழுதினேன். கூட்டிக் கழித்துச் சொல்லவில்லை. சரியாகப் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் நெல்லூர்க்காரர் மேசைமுன் வந்து நின்றார். தம்முடு என்று கூப்பிடவில்லை. "பிள்ளகாரு" என்றார், பெரிய மனிதரைக் கூப்பிடுவதுபோல. "மீ செய்யி எண்டிபோயிந்தா?" என்று கேட்டார். உங்கள் கை காய்ந்துவிட்டதா என்று அர்த்தம். கத்தவில்லை. கேட்டுவிட்டுக் கொக்கியை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய்விட்டார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். எழுந்துபோய்த் துறையில் இறங்கிய மூட்டைகளின்மேல் கையை வைத்தேன். உள்ளங்கை நனைந்தது. திரும்பி வந்து பேரேட்டில் புதிதாக ஒரு பக்கம் திறந்தேன். தலையில் 'ஈரம்' என்று பேர் எழுதினேன். அந்த வாரம் குறைந்த ராத்தல் அத்தனையையும் அந்தப் பக்கத்திலேயே எழுதினேன். ஆட்கள் பக்கத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. கணக்கு ஒரு ராத்தல் பிசகாமல் நேரானது. நான் எழுதியதிலேயே ஒழுங்கான கணக்கு அதுதான்.

சனிக்கிழமை மேஸ்திரி பேரேட்டைத் திறந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

"இன்னாடா இது? ஈரம்னு ஒரு ஆளா? எந்த ஊருடா அவன்? எந்தக் கப்பல்ல வந்தான்? அவங்கிட்டப் போயி நான் கூலி புடிக்கணுமா?"

எனக்கும் வாய் திறந்துகொண்டது. "ஊரெல்லாம் எனக்குத் தெரியாது. மூட்டைல இருந்து போனவன் அவன்தான். எட்டுப் பேரும் இல்ல. இத்தினி நாளு ஆளுங்க எடுக்காத எடைக்குக் கூலி புடிச்சவங்க யாரோ, திருட்டுன்ற வார்த்தைய அவங்க பேர்லதான் எழுதணும்" என்றேன்.

பேரேடு என் தலைமேல் விழுந்தது. கெட்டி அட்டை. அன்றே வெளியே தள்ளினார்கள். ஒன்பது நாள் வேலை இல்லை, சோற்றுக்குக் காசும் இல்லை. அந்த ஏழு பேர்தான் முறைபோட்டுக்கொண்டு எனக்குச் சோறு வைத்தார்கள். நெல்லூர்க்காரர் மறுபடி தம்முடு என்று கூப்பிட ஐந்தாம் நாள் ஆயிற்று.

பத்தாம் நாள் ஒரு முஸ்லிம் வியாபாரி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர், கருவாடும் கொட்டைப்பாக்கும் மொத்தமாக விற்பவர். அதற்குமுன் நான் அவரைப் பார்த்ததே இல்லை. "ஈரத்துக்குப் பக்கம் போட்ட ஆள் நீதானா?" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "என் சரக்கெல்லாம் காயற சரக்கு தம்பி. எடை குறையுதுன்னு பத்து வருஷமா கிட்டங்கி ஆளுங்களத் திட்டிக்கிட்டிருக்கேன். வந்து உக்காரு, எனக்கும் அந்தப் பக்கத்தப் போடு" என்றார். யாருடைய ஆள் என்று அவர் கேட்கவே இல்லை. அங்கே நாற்காலியும் கிடையாது, விசிறியும் கிடையாது, பாய்தான். நான்கு வருஷம் எழுதினேன். அங்கிருந்து வந்த கடிதங்களில்கூடக் கருவாட்டு நாற்றம் அடித்தது என்று உங்கள் அம்மா இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஊருக்குத் திரும்பிய வாரமே பிள்ளையார்பாளையம் போனேன். அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, ஈரம், பேரேடு, தலையில் வாங்கிய அடி. அவர் தலையைத் தூக்கவில்லை. ராட்டினமும் நிற்கவில்லை.

"கப்பலேறிப் போயி இத்தயா கத்துக்கினு வந்தே?" என்றார் கடைசியில். கடையில் என்னை வாங்க, போங்க என்று பேசியவர் அவர். "நான் இங்கியே சொன்னனே. கைய வெச்சிப் பாருன்னு நீட்டனனே." பிறகு, "எங்க வூட்டுக்காரரு பேருக்கு நேரா எழுதனியே ஒண்ணு, அத்த இன்னா பண்ணப் போறே?" என்று கேட்டார்.

நேரே பழைய கடைக்குப் போனேன். அந்த ஒரு வார்த்தைமேல் ஒரு கோடு போட விடுங்கள் என்று முதலாளியைக் கேட்டேன். முடிந்த வருஷத்துப் பேரேட்டில் கைவைக்க முடியாது, அது தொழிலின் கட்டுப்பாடு என்றார். கணக்குப்பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரித்தார். எனக்குத் தெரியும். அந்தக் கட்டுப்பாட்டை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

இப்போது நான் கணக்கு எழுதும் இடத்தில் நூலின்மேல் கையை வைத்துப் பார்க்காமல் எடை எழுதுவதில்லை. கொஞ்சம் பிசுபிசுத்தாலும் கொடியில் போட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். முதலாளி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். கோபப்படாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, பிள்ளைகளே. வாலாஜாபாத் மேஸ்திரிமேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி இத்தனை வருஷத்தில் போய்விட்டது. ஆனால் ஒரு நல்ல நெசவாளியின் பேருக்கு நேராக அந்த வார்த்தை இன்னும் அந்தக் கடையின் பழைய பேரேட்டில் என்னுடைய அழகான கையெழுத்தில் இருக்கிறது. அதைத் தலை தூக்காமல் எழுதிய இருபத்துநாலு வயதுக் கணக்குப்பிள்ளைமேல் உள்ள கோபம் எனக்கு இன்றுவரை தணியவில்லை, தணியவும் வேண்டாம்.