பின் கதவில் ஒட்டிய பச்சை

எங்கள் அப்பா காசு கொடுத்துக் களிமண் வாங்கிய கதையை, வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இன்றைக்கும் ஒரு தடவை சொல்லிவிடுவார். சோப்புக் கட்டியில் பாதி அளவுக்கு நீல நிறத்தில் ஒரு உருண்டை, அதற்கு ஒரு டப்பா, டப்பாவுக்கு ஒரு அட்டைப்பெட்டி, பெட்டிக்கு மேல் கொரியர் கவர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிற அழகில் வந்தவர்கள் சிரித்து ஓய்ந்துவிடுவார்கள். அப்பாவும் கூடவே சிரிப்பார். ஆனால் அம்மா சொல்வது பாதிக் கதைதான். மீதியில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. இரண்டு தெரு தாண்டினால் இரும்பு வார்க்கிற பவுண்டரி. காற்று எங்கள் பக்கம் திரும்பினால், காயப்போட்ட துணியில்கூடப் பொடிப்பொடியாக இரும்புத்தூள் வந்து உட்காரும். எங்கள் காரோ வெள்ளை. அதன் மேல் உட்கார்ந்த தூள் ஒரு மழைக்கே துருப்பிடித்து, வண்டி முழுக்க யாரோ மிளகாய்த்தூளைத் தூவிவிட்டுப் போனது போல இருக்கும். எத்தனை ஷாம்பு போட்டுக் கழுவினாலும் அந்தப் புள்ளி போகாது.

அப்பா ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தார். வார்த்து வருகிற இரும்பில் முடி அளவு விரிசல் இருந்தாலும் கட்டைவிரலால் தடவியே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாராம். அப்படிப்பட்ட மனிதருக்குச் சொந்த வாசலில் புள்ளி விழுந்த கார் நின்றால் சோறு இறங்குமா? செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, கடைசியில் அந்தக் களிமண்ணை வரவழைத்தார்.

"மண்ணுக்காங்க காசு குடுத்தீங்க? கொளத்துல கேட்டா ஒரு லோடு சும்மாவே அள்ளியுடுவாங்க" என்றார் அம்மா.

"இது வேற மண்ணு. பெயிண்ட்ல ஒட்டுனதை மட்டும் உரிச்செடுக்கும். நாளைக்கு ஒரு எடம் உடாமத் தடவிப் பாத்துப்போடலாம்" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

விஷயம் இதுதான். முந்தின வருடம் அப்பா அம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் நாள் அம்மா பிரேக் என்று நினைத்து வேறெதையோ மிதித்து, யாரோ தோட்டத்தில் அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டுப் போருக்குள் போய் நின்றார். ஒருவருக்கும் அடி இல்லை. தட்டு தின்றுகொண்டிருந்த மாடுகூட நகரவில்லை. ஆனால் அப்பா மிரண்டுபோய்விட்டார். "உனக்கு இது ஆவாது, உட்ரு. எங்க போகோணும்னாலும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அம்மா "சரிங்க" என்றார். எங்கள் பக்கத்தில் "சரிங்க" என்பது பேச்சை முடிக்கிற வார்த்தை. ஒத்துக்கொண்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்பா நினைத்துவிட்டார்.

அந்த வருடம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், எதிர்வீட்டு டீச்சர் அக்காவை அம்மா பிடித்துக்கொண்டார். அவரிடம் லைசென்ஸ் இருந்தது, பொறுமையும் இருந்தது. அப்பா ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார். பத்து மணிக்கு அம்மா டிரைவர் சீட்டில், டீச்சர் அக்கா பக்கத்தில், நான் பின்னால். "கிளட்ச்சை மெதுவா உடுங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று டீச்சர் அக்கா சொல்லிக்கொண்டே வர, வண்டி குலுங்கிக் குலுங்கித் தோட்டத்துப் பாதையில் போகும். அம்மாவுக்கு வியர்த்து ஊற்றும், ஆனால் முகத்தைப் பார்த்தால் கோயில் தேர் இழுக்கிறவர் மாதிரி இருக்கும். அந்த முகத்தை வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். "அதுவரைக்கும் அப்பாகிட்ட மூச்சு உடக் கூடாது சாமி. தெரிஞ்சா வேண்டாம்னுருவாரு. லைசென்ஸைக் கையில குடுத்துப்போட்டு அப்பறம் பேசிக்கலாம்" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

கொரியர் வந்த அன்று காலையில்தான் அந்த வினை. அம்மா ஓட்டி முடித்து, சந்துக்குள் வண்டியைத் திருப்பும்போது, பின்னால் இடப்பக்கக் கதவு டீச்சர் அக்கா வீட்டுக் கேட்டில் லேசாக உரசிவிட்டது. புதிதாகப் பெயிண்ட் அடித்த பச்சைக் கேட். எங்கள் வெள்ளைக் கதவில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கோடு. அவர்கள் பச்சைக் கேட்டில் அதே நீளத்துக்கு வெள்ளைக் கோடு. அம்மா தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தார், சோப்புப் போட்டுத் தேய்த்தார். பாதிதான் போயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் அக்கா சர்ச்சுக்குப் போய்விட்டார், காப்பாற்ற ஆளில்லை. அப்பா காரைக் கழுவி வேப்பமர நிழலில் நிறுத்தினார். கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, என் கையிலும் ஒன்றை மாட்டி, பானட்டின் மேல் தடவச் சொன்னார். வெறும் கைக்குக் கண்ணாடி மாதிரி இருந்த இடம், பை மாட்டிய கைக்கு ரவை கொட்டியது போல நறநறவென்றது. எனக்கு அது மந்திரமாகத்தான் தெரிந்தது. பிறகு சோப்புத் தண்ணீரை அடித்து, களிமண்ணைத் தட்டையாக்கி, அழுத்தாமல் நேர்க்கோட்டில் நகர்த்திக் காட்டினார். முதலில் கரகரவென்ற சத்தம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, மண் தானாக வழுக்கிக்கொண்டு போனது. திருப்பிப் பார்த்தால் மண்ணின் அடியில் பழுப்புப் பழுப்பாக இரும்புத்தூள். அழுக்கை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தை வெளியே எடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கண்ணு. கீழ உழுந்துட்டா அதைத் தொடாதே. அப்பறம் அது மண்ணில்ல, உப்புத்தாள்."

பையை மாட்டிய கையோடு அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பானட், வலப்பக்கம், டிக்கி, பிறகு இடப்பக்கம். பின் கதவருகே வந்தவர் நின்றாரா, நிற்கவில்லையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. முழுச் சுற்றையும் முடித்துவிட்டு வந்து, களிமண்ணில் ஒரு நெல்லிக்காய் அளவு பிய்த்து என் கையில் வைத்தார்.

"எடப்பக்கம் பின் கதவு உன்றது அம்மணி. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எனக்கு உயிரே வந்தது. முடி அளவு விரிசலைப் பிடிக்கிறவரின் கண்ணுக்கு ஒரு சாண் பச்சை தப்பிவிட்டது என்றால், அது டீச்சர் அக்கா சர்ச்சில் செய்த ஜெபத்தால்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா அந்தப் பக்கம் குனிந்து வேலை செய்ய, நான் இந்தப் பக்கம் என் கதவோடு மல்லுக்கட்டினேன். பச்சை வந்தது. நிஜமாகவே வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு கரைந்து மண்ணில் ஏறியது. இன்னும் இரண்டு விரல் நீளம்தான் பாக்கி என்றபோது, அவசரத்தில் அழுத்திவிட்டேன். களிமண் கையிலிருந்து நழுவி மண்தரையில் விழுந்தது.

அப்பாவிடம் வேறு மண் கேட்கலாம். கேட்டால் எழுந்து வருவார், வந்தால் பச்சையைப் பார்ப்பார். அம்மாவின் வெள்ளிக்கிழமை என் கையில் இருந்தது. விழுந்ததை எடுத்துக் குழாயடியில் நன்றாகக் கழுவினேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி தேய்த்தேன். பச்சை போயே போயிற்று. அது இருந்த இடத்தில் விளக்குமாற்றால் இழுத்தது போலப் பத்துப் பன்னிரண்டு கீறல் விழுந்திருந்தது.

அப்பா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கட்டைவிரலால் கீறலின் மேல் ஒரு தடவை தடவினார்.

"கீழ போட்டியா?"

"ஆமாங்கப்பா."

கையை நீட்டினார். களிமண்ணைக் கொடுத்தேன். மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பச்சைப் பசேல் என்று இருந்தது. அப்பா அதை மறுபடி மடித்து, உருட்டி, காம்பவுண்டு சுவரைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் வீசிவிட்டார். துருப்பிடித்த ஆணியைக்கூட எடுத்து டப்பாவில் போட்டு வைக்கிற மனிதர் அவர்.

அந்த நேரம் பார்த்து அம்மா டீயோடு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவின் முன்னால் நிற்பதைப் பார்த்தார்.

"அது வந்துங்க... நானே சொல்லிப்போடலாம்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

அப்பா முடிக்க விடவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னார்: "அம்மணி தேச்சதுல கீறிப்போச்சு. ஒண்ணுஞ் சொல்லாதே. பழகறப்ப நாலு கீறல் உழுகத்தான் செய்யும். அதுக்காகப் பழகாம இருக்க முடியுங்களா?"

என்னைத் திட்டவில்லை என்பதில் எனக்கு அத்தனை நிம்மதி. அப்பா எதற்காக அம்மாவிடம் திடீரென்று "ங்க" போட்டுப் பேசினார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. அம்மா உள்ளே போய்விட்டார். மாலையில் அப்பா தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து நிறுத்தினார்.

திங்கட்கிழமை அப்பா கம்பெனி பஸ்ஸில் ஏறியதும், பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போல வண்டியில் ஏறினோம். அப்பா ஆறடி. அம்மா குள்ளம். எப்போதும் உட்கார்ந்தவுடன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, கம்பியை இழுத்து, எக்கி எக்கி முன்னால் நகர்த்திக்கொள்வார், இறங்கும்போது மறக்காமல் பின்னால் தள்ளிவிடுவார். அன்றைக்குக் கையை விட்டவர் அப்படியே இருந்துவிட்டார். சீட் ஏற்கெனவே முன்னால் இருந்தது. காலை நீட்டிப் பார்த்தார், பிரேக் சரியாக எட்டியது. மேலே கண்ணாடியும் அம்மாவின் கண்ணுக்கு நேராகத் திரும்பியிருந்தது.

டீச்சர் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பவே இல்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் தேய்த்த தேய்ப்பில் கதவுக்குள் என்னவோ ஒன்று அறுந்துபோய், வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது, அம்மாவின் டெஸ்ட் போச்சு என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பின் சீட்டிலிருந்து ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"கழுவிட்டுத்தானுங்கம்மா தேச்சேன்."