நாற்பது என்று சொன்னேன்

எனக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் மளமளவென்று போடுவேன். வகுக்கும்போது கீழே எதைப் போடுவது என்பதில்தான் எனக்கு எப்போதும் தகராறு.

எட்டாம் வகுப்பில் எங்கள் கணக்கு டீச்சர் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒருநாள் ஒரு டம்ளர் நிறையப் புளியமுத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, எத்தனை இருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு எண்ணைச் சொல்லச் சொன்னார். நான் நூற்றிருபது என்றேன். எண்ணிப் பார்த்தால் நூற்றைம்பது. முப்பது வித்தியாசம். அதை நூற்றிருபதால் வகுத்து, என் பிழை இருபத்தைந்து சதவீதம் என்று எழுதிக் காட்டினேன். டீச்சர் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இருபது சதவீதம். கீழ எப்பவும் உண்மைதான் வரணும். நீ வாய்க்கு வந்ததைச் சொல்லுவ, அதால வகுக்கவா முடியும்?" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. நான் சொன்ன எண் என்ன அவ்வளவு கேவலமா என்று நினைத்தேன்.

மறுநாள் மாற்றச் சதவீதம். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பழையதால் வகுக்க வேண்டும். "கூடும்போது எவ்வளவு வேணும்னாலும் கூடலாம். குறையறது நூறு சதவீதத்தோட நின்னுரும். அதுக்கு மேல குறைய அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்றார் டீச்சர். பிறகு எங்களுக்குப் புரியட்டும் என்று நினைத்து, வீட்டில் எத்தனை ஆடு இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டு போர்டில் எழுத ஆரம்பித்தார்.

பாவம், வெளியூர்க்காரர். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் செம்மறி மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள். பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊரில் ஆட்டின் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னால் கண் பட்டுவிடும், ஆடு நிற்காது. யாராவது கேட்டால் பாதி சொல்ல வேண்டும். பேச்சு வந்த நாளிலிருந்து எங்களுக்கு அதுதான் பழக்கம். எங்களிடம் எண்பது உருப்படி இருந்தது. நான் எழுந்து நாற்பது என்றேன். அடுத்தவன் இருபத்தைந்து என்றான், அவன் வீட்டில் ஐம்பது. போர்டு நிறைந்தது. அத்தனையும் பொய். அந்தப் பொய்களை வைத்துக்கொண்டு டீச்சர் ஒரு தப்பும் இல்லாமல் சதவீதம் போட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த கடைசி கணக்கு வகுப்பு அதுதான்.

அப்பா எண்ணுவதும் அப்படித்தான். சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது படலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, ஆடுகள் ஒவ்வொன்றாக நுழைய நுழையத் தொடையில் விரலைத் தட்டிக்கொண்டே நிற்பார். உதடு அசையாது. கடைசி ஆடு உள்ளே போனதும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு மாதம் கழித்து ஆடு மாடு கணக்கெடுக்க ஒரு அக்கா கையில் போனோடு வந்தார். அப்பா மேய்ச்சலுக்குப் போயிருந்தார். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலையில் இருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான்.

"செம்மறி எத்தனைம்மா?"

"நாப்பதுக்கா."

"சரியாச் சொல்லு. இதுதான் ரெக்கார்டு."

"நாப்பதேதான்க்கா."

அவர் அதைப் போனில் அழுத்திக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு, கடையில் ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கித் தந்தார். அதை நான் யாருக்கும் கொடுக்காமல் தின்றேன்.

அந்த மார்கழியில் மழை பிடித்தது. எங்கள் மானாவாரிக் கரிசலுக்கு மழை வந்தால் கும்பிடுவோம். ஆனால் அந்த இரண்டு நாள் பெய்தது கும்பிடுகிற மழை இல்லை. கரிசல் நனைந்தால் மண் காலைப் பிடித்துக்கொள்ளும், மனுஷனே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஓடைக்குப் பக்கத்தில்தான் எங்கள் பட்டி. இரண்டாம் நாள் விடிகிற நேரத்தில் ஓடை கரையைத் தாண்டியது. பட்டியிலேயே படுத்திருந்த அப்பா படலைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆடுகளைக் கண்மாய்க்கரைப் பக்கம் பத்தியிருக்கிறார். கால் எடுக்க முடிந்தவை ஏறின. குட்டிகளும் சினை ஆடுகளும் சேற்றில் நின்றுவிட்டன. தண்ணீர் அவற்றைக் கொண்டுபோய்விட்டது.

காலையில் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றார். அம்மா துண்டை எடுத்து நீட்டினாள். அவராகவே சொன்னார்.

"மிச்சம் முப்பத்தெட்டு."

அப்பா வாயிலிருந்து உண்மையான எண்ணை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் கழித்து, மழையில் செத்த ஆடு மாடுகளுக்கு நிவாரணம் கொடுக்கக் கணக்குப் பார்க்க ஆபீஸர் வந்தார். நல்ல மனுஷன்தான், வண்டி போகாத இடத்தில் இறங்கி முழங்கால் சேற்றில் நடந்து வந்தார். செத்ததைக் காட்டச் சொன்னார். காட்டுவதற்கு எங்களிடம் என்ன இருந்தது? வேலிக்கருவை முள்ளில் சிக்கியிருந்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியாது. அவர் ஒரு தாளைப் புரட்டினார்.

"ரெக்கார்டுல நாப்பது இருக்கு. இப்ப முப்பத்தெட்டு நிக்குது. ரெண்டுதான போயிருக்கு அண்ணாச்சி?"

"எம்பது உருப்படி கிடந்துச்சு சார்."

"அப்ப நாப்பதுன்னு யாரு சொன்னது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் சார் சொன்னேன்" என்றார்.

"இப்ப வந்து எம்பதுன்னா நான் என்ன செய்ய? நீங்க சொன்னதுதான இங்கன இருக்கு" என்று ஆபீஸர் தாளைத் தட்டிக் காட்டினார். உண்மையிலேயே அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு என்று எழுதிக்கொண்டு போனார்.

கதவுக்குப் பின்னால் நின்றபடியே என் மனம் கணக்குப் போட்டது. நாற்பதில் இரண்டு, ஐந்து சதவீதம். எண்பதில் நாற்பத்திரண்டு, ஐம்பத்திரண்டரை சதவீதம். வித்தியாசமெல்லாம் கீழே வரும் எண்ணில்தான். கீழே உண்மை வரணும் என்று டீச்சர் சொன்னாரே, இந்தத் தாளில் உண்மையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அங்கே இருந்தது என் வாய்க்கு வந்த எண். ஒரு தப்பும் இல்லாமல் நான் போட்ட முதல் சதவீதக் கணக்கு அது. அதைக் காட்டி யாரிடம் மதிப்பெண் வாங்குவது?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவிடம் போய், "என்னாலதானப்பா. நூத்துக்கு அம்பத்திரண்டரை போச்சு" என்று அழுதேன்.

"போடி, கோட்டிக்காரி. நீ சரியாத்தான சொன்னே. நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு, என்னைத் தேற்றுவதற்கோ என்னவோ, கணக்குக் கேட்டார். "நூத்துக்கு எத்தன போச்சுன்னு சொன்ன? அம்பத்திரண்டரையா? அப்ப அதே அம்பத்திரண்டரை ஏறிட்டா பழையபடி வந்துரும்லா?"

முப்பத்தெட்டு ஐம்பத்திரண்டரை சதவீதம் ஏறினால் ஐம்பத்தெட்டில் நின்றுவிடும். எண்பதைத் தொட நூற்றுப்பத்தரை சதவீதம் ஏற வேண்டும். இறங்கின அதே படியில் ஏறி வர முடியாது. இது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் "ஆமாப்பா" என்றேன். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஏறவில்லை. குட்டி போடுகிற ஆடெல்லாம் தண்ணீரோடு போயிருந்தது. அடுத்த வருஷம் மழையே இல்லை, தீவனத்துக்கென்று சில ஆடுகள் விலைக்குப் போயின. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் வந்தபோது சில. பத்தாம் வகுப்போடு நான் நின்றேன், புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனிக்குக் காலை வேனில் போக ஆரம்பித்தேன். அங்கே எனக்குச் செக்கிங் வேலை. நூல் பிரிந்தது, காலர் கோணியது எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்து, மொத்தத்தில் எத்தனை சதவீதம் கழிவு என்று தினமும் எழுத வேண்டும். அங்கே பாதி சொன்னால் வேலை போய்விடும். எண்ணினேன், எண்ணியதைச் சொன்னேன். வருஷக்கணக்கில் அப்படிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

போன வருஷம் நான் லீவில் வீட்டில் இருந்த அன்றைக்கு, மறுபடியும் கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"செம்மறி எத்தனை இருக்கு?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ஆறு."

இந்தத் தடவையாவது ரெக்கார்டில் உண்மை இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். பிழை பூச்சியம் சதவீதம். சொல்லி முடித்தபோது எனக்குள் ஒரு திமிர்கூட இருந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். முன்பு வாசலில் நனைந்து நின்றபோதுகூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. "சொல்லியாச்சுல்லா, இனி நிக்காது" என்றார். அந்த வாரமே ஆறையும் வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். நான் எவ்வளவோ கெஞ்சினேன். "கண்ணு முன்னால சாகதுக்குப் பதிலா எங்கயாவது இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பொய் சொல்லி ஒரு தடவை தொலைத்தேன், உண்மையைச் சொல்லி ஒரு தடவை தொலைத்தேன்.

ஆறிலிருந்து பூச்சியம், நூறு சதவீதம். அதற்கு மேல் குறையாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். இப்போதும் சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வருகையில் பார்க்கிறேன். அப்பா காலிப் பட்டியின் படலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். விரல் தொடையில் இருக்கிறது, தட்டுவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் படலை இழுத்துச் சாத்துகிறார். என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்.