மெல்கி பூலாங்

சலோமினா அம்மாவுக்கு எல்லாமே ஒரு படி முன்னால் நடந்துவிடும். நகைச்சுவையைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுவார். பக்கத்து வீட்டு ஒர்பா முதன்முறை கருவுற்றபோது, பெண் குழந்தைதான் என்று பூப்போட்ட சட்டை தைத்துக் கொடுத்தார். பிறந்தது பையன். "அடுத்ததுக்கு ஆகும்" என்றார். அடுத்ததும் பையன். சட்டை இன்னும் ஒர்பாவின் பெட்டியில் இருக்கிறது.

சபருவாத் தீவின் எங்கள் ஊரில், மண் அச்சில் சவ்வரிசி மாவு ரொட்டி சுட்டு விற்பவர் அவர். கணவர் மெல்கி மீன் பிடிப்பவர். கீழைக்காற்று வீசிய மாதத்தில் மெல்கி தனியாகப் படகெடுத்துப் போனார், திரும்பவில்லை. நாங்கள் படகுகளில் தேடினோம். வெளிப் பாறைத் தொடரைத் தாண்ட அலை விடவில்லை. கடைசியில் சபை மூப்பர்கள் கூடி, ஞாயிறு மாலை அவர் வீட்டில் ஆறுதல் ஜெபம் என்று முடிவு செய்தார்கள். சாவு வீட்டில்தான் அந்த ஜெபம் நடக்கும். நடந்துவிட்டால் பிறகு யாரும் தேடப் போவதில்லை.

எங்கள் வீடுகளில் ஜெப மேசைமேல் வெள்ளைத் துணி மூடிய ஒரு வெள்ளைத் தட்டு இருக்கும். வேண்டுதல் வைக்கும்போது அதில் ஒரு காசு போடுவோம். ஞாயிறன்று அந்தக் காசை ஆலய வாசல் பெட்டியில் சத்தமில்லாமல் போட்டுவிடலாம். கேட்டது கிடைத்துவிட்டதென்றால் மட்டும் முன்னால் போய் மூப்பர் கையில் கொடுக்க வேண்டும். அவர் சபைக்கு அறிவிப்பார்.

அந்த ஞாயிறு சலோமினா அம்மா வாசல் பெட்டியைத் தாண்டி நேராக முன்னால் நடந்தார். மூப்பர் பெனோனி குனிந்து காது கொடுத்தார்.

"மெல்கி பூலாங்" என்றார் சலோமினா அம்மா.

பூலாங் என்றால் வீடு திரும்புவது. எங்கள் பேச்சில் வினைக்குக் காலம் கிடையாது. திரும்பினான், திரும்புகிறான், திரும்புவான், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். பெனோனியின் காதில் விழுந்தது "திரும்பினான்". நிமிர்ந்து அவர் அதை அறிவித்தார். சபையும் அப்படியே கேட்டது. போதகர் ஆசீர்வாதத்தைச் சுருக்கினார். ஊரே சலோமினா அம்மா வீட்டுக்கு ஓடியது.

அங்கே மஞ்சள் மீன் குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. சவ்வரிசிக் கூழ் கிண்டி வைத்திருந்தார்.

"மெல்கி எங்க, குளிக்கிறாரா?" என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"களைச்சுப்போய்த் தூங்குவாரு, எழுப்பாதீங்கப்பா" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சாப்பிட்டோம். பெனோனி மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கேட்டார்: "ஆளு எங்கம்மா?"

"கடல்ல."

என் கையில் மீன் முள் அப்படியே நின்றது.

"வந்துட்டாருன்னு சொன்னீங்களே!"

"நான் எங்கண்ணே சொன்னேன்? பூலாங்னு சொன்னேன். வந்துட்டாருன்னு நீங்களா சேர்த்துக்கிட்டீங்க."

"அப்ப இந்தச் சாப்பாடு?"

"ஆண்டவருக்கு நன்றி சொல்ல."

"ஆளு வந்தாதானேம்மா நன்றி?"

"வந்தப்புறம் நம்புறதுக்கு விசுவாசம் எதுக்குண்ணே? கண்ணு போதாதா?"

ஒர்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இதுவும் அந்தச் சட்டை மாதிரிதான் ஆகப்போவுது."

"நீ ரெண்டோட நிறுத்திட்டா அது என் தப்பாடி?" என்று சலோமினா அம்மா சிரித்தார். ஆனால் அவர் பிடித்திருந்த அகப்பை குழம்புப் பானையில் கடகடவென்று தட்டிக்கொண்டிருந்தது.

பெனோனி வயிற்றைத் தடவிக்கொண்டார். "நன்றிச் சோறு உள்ள போயிடுச்சு. சாயங்காலம் இதே வீட்ல துக்க ஜெபம் பண்ண வந்தா, 'மத்தியானம் என்னத்தடா தின்ன?'ன்னு ஆண்டவர் கேப்பாரே! எந்திரிங்கடா. தின்ன எல்லாரும் எந்திரிங்க."

ஆராதனைக்குப் போட்ட கறுப்பு அங்கியோடே அவர் கடற்கரைக்கு நடந்தார். என் படகில்தான் ஏறினார். அன்று காலையிலிருந்தே காற்று தணிந்திருந்தது. சாப்பாட்டு மும்முரத்தில் யாரும் கவனிக்கவில்லை. பாறைத் தொடரைத் தாண்டினோம். அப்பால், ஆளில்லாத மணல்திட்டில் புகை தெரிந்தது.

இயந்திரம் உடைந்து அங்கே ஒதுங்கிய மெல்கி, தேங்காயும் சிப்பியும் தின்று கிடந்திருக்கிறார். தாடியோடு எழுந்து நின்றவர் எங்களைப் பார்த்துவிட்டுப் பெனோனியின் அங்கியைப் பார்த்தார். ஆலயத்துக்கு வெளியே அந்த அங்கி சாவுக்குத்தான் வரும்.

"யாருண்ணே செத்தது?"

"யாரும் சாகல. உன் விருந்தத் தின்னுட்டு வரோம்."

"எனக்கு?"

பெனோனி அவசரமாக நகர்ந்து படகில் அவருக்கு இடம் விட்டார்.

கரையில் சலோமினா அம்மா மூடி போட்ட பாத்திரத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். உள்ளே ஒரு முழு மீன் தலை. பெனோனி கண்ணில் படாமல் முதலிலேயே எடுத்து வைத்திருக்கிறார். மெல்கி படகிலிருந்து இறங்காமலே அதைச் சாப்பிட்டார். சலோமினா அம்மா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவர் தின்பதைப் பார்த்துப் பார்த்து அழுதார். அழுகை மட்டும் அவருக்குப் பிந்தித்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் காசோடு முன்னால் போனார். பெனோனி உஷாராகிவிட்டார்.

"போன வாரமே நன்றி சொல்லியாச்சேம்மா. இது எதுக்கு?"

"மெல்கி பூலாங்."

"அதான் வந்துட்டாரே!"

"அது போன தடவை. இது அடுத்த தடவை போயிட்டு வர்றதுக்கு."

பின் வரிசையிலிருந்து மெல்கி எழுந்தார். "நான் எங்கயும் போகலயே!"

"போவீங்க" என்றார் சலோமினா அம்மா திரும்பிப் பாராமல். ஆலயம் சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் அவர் சிரித்து முடித்திருந்தார்.