நீல டப்பாவில் என் பிஸ்கட்

நான் சுடும் பிஸ்கட் வாயில் போட்டதும் கரையும். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, சாமான் இவ்வளவுதான். ஐந்தாவதாக ஒன்று பிற்பாடு வந்து சேர்ந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம். மாவு பிசைந்து நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் யார் வந்து கேட்டாலும் மறைக்காமல் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் முதன்முதலில் நான் இதைச் சுட்டது ஊரை ஏமாற்றுவதற்காக.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியைப் பிரித்தால் முதலில் கைக்கு வருவது வட்டமான நீல பிஸ்கட் டப்பாக்கள்தான். சொந்தத்தில் வீட்டுக்கு ஒன்று. அதோடு ஒரு சோப்பும் தைலமும் வைத்து மறுநாளே கொடுத்துவிட வேண்டும். டப்பா போய்ச் சேர்ந்தால்தான் எங்கள் ஊரில் ஆள் வந்துவிட்டதாகக் கணக்கு.

அந்தத் தடவை திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து ஒரே ஒரு கைப்பையோடு வந்து இறங்கினார். கம்பெனியை மூடிவிட்டார்கள், விசாவும் முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் போனில் சொல்லியிருந்தார். அது ஒரு சனிக்கிழமை. உள் அறையில் போய் உட்கார்ந்தவர் தெருக்கதவைத் திறக்காதே என்றார். யாராவது வந்தால் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக்கூடப் போகவில்லை. காரணத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை. சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டிலிருந்து, வந்தவர் யாராக இருந்தாலும் எங்கள் ஊரில் கேட்பது ஒரே கேள்வி: எப்போது வந்தீர்கள், எத்தனை மாதம் லீவு, எப்போது போகிறீர்கள்? யாரும் குத்திக்காட்டக் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல இவருக்குத் தெம்பில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் பையை எடுத்து வைத்துக்கொண்டு, திருச்சியில் ஒரு ரூம் எடுத்துத் தங்கி வேறு விசாவுக்கு அலையப்போவதாகச் சொன்னார்.

"இங்க இருந்தா மூச்சு முட்டுது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் போனில் 'சாப்பிட்டியா' என்று கேட்டதுதான் எங்கள் குடித்தனம். இப்போது மனுஷன் ஊருக்கு வந்தும் திருச்சியிலிருந்து போன் பண்ணப்போகிறாராம். போகட்டும் என்று விட நான் என்ன மரக்கட்டையா? பையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நான்கு நாள் பொறுங்கள், எல்லார் வீட்டுக்கும் டப்பா போகும், வழக்கம்போல லீவில் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள், நீங்கள் பாட்டுக்குத் தெருவில் நடக்கலாம் என்றேன். டப்பாவுக்கு எங்கே போவாய் என்று கேட்டார். தலைக்கு மேலே பரணைக் காட்டினேன்.

அந்த டப்பாவை யார் தூக்கிப் போடுவார்கள்? ஒன்றில் ஊசி நூல், ஒன்றில் பழைய போட்டோக்கள், ஒன்றில் கட்டிக்கொடுத்த மகள் விட்டுப்போன வளையல், இன்னொன்றில் பட்டையும் கிராம்பும். மொத்தம் ஏழு தேறின. எங்களுக்கும் ஏழு வீடுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கழுவி மாடியில் வெயிலில் கவிழ்த்தேன். பட்டை இருந்த டப்பாவை மட்டும் இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். முகர்ந்து பார்த்ததில் வாசனை போய்விட்டதாகத்தான் தோன்றியது.

பிஸ்கட்டை ஒரு வீடியோவைப் பார்த்து ஆரம்பித்தேன். வீடியோவில் சொன்னதை விட்டுவிட்டு என் கைப்பழக்கத்துக்குச் சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தேன். முதல் ஈடு கல்லாக வந்தது. கொல்லையில் போட்டேன், கோழி கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மைதாவைப் பிசையவே கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, சலித்த மைதாவைப் போட்டு விரல் நுனியால் கூட்டினால் போதும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றால் இன்னும் ஒரு ஸ்பூன் வெண்ணெய் போடலாம். தண்ணீரோ பாலோ ஒரு சொட்டும் கூடாது.

அடுப்புக்கு ஒரு பழைய அலுமினியச் சட்டியே போதுமாக இருந்தது. அடியில் வெள்ளாற்று மணலைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிபோட்டுப் பத்து நிமிடம் காயவிட்டேன். பிறகு பிஸ்கட் அடுக்கிய தட்டை உள்ளே இறக்கித் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம். இரண்டாவது ஈட்டில் வேறு கூத்து. தொட்டால் மெத்தென்று இருந்ததால் வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைத்தேன், கருகிப்போனது. ஓரம் லேசாகப் பொன்னிறமானதும், மெத்தென்று இருக்கும்போதே எடுத்து, கை வைக்காமல் ஆறவிட வேண்டும். ஆறும்போதுதான் அதற்குப் பதம் வருகிறது. மூன்றாவது ஈட்டிலிருந்து கை படிந்துவிட்டது, அதற்குமேல் ஒன்றுகூட வீணாகவில்லை.

டம்ளர் வாயால் வட்டம் வெட்டினேன். இருமல் மருந்து மூடியால் நடுவில் ஓட்டை போட்டு வளையமாக்கினேன். பாதி பிஸ்கட்டின் மேல் சர்க்கரை தூவினேன். பெரம்பலூர் வரை பஸ்ஸில் போய் டப்பாவுக்குள் பிஸ்கட்டை அடுக்குகிற வெள்ளைக் காகிதக் கிண்ணம்கூட வாங்கி வந்தேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா?

நடுவில் அவர் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். வந்த நாளிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்ததே அதுதான் முதல் தடவை. டப்பா மூடியில் இருந்த படத்தைப் பார்த்து, வளையம் இன்னும் கொஞ்சம் மெல்லிசாக இருக்க வேண்டும் என்றார். ஒன்று தின்று பாருங்கள் என்று நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் அந்த டப்பாவிலிருந்து அவர் ஒன்றை எடுத்துத் தின்று நான் பார்த்ததில்லை. எங்களுக்கென்று ஒரு டப்பாவைப் பிரித்தாலும் மகள் பக்கம் தள்ளிவிடுவார். அவருக்கு அது கொடுப்பதற்கான சாமான், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் ஏழு டப்பாவையும் இரண்டு பையில் போட்டுக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். எல்லார் வீட்டிலும் லீவா என்றார்கள். ஆமாம், இரண்டு மாதம் என்றேன். நாக்குக் கூசவே இல்லை. வீட்டுக்கு வந்து, வேலை முடிந்தது, நாளை மறுநாள் ஜும்மாவுக்குக் கிளம்புங்கள் என்று அவரிடம் ஜம்பமாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை மதியம் அவருடைய அக்கா வந்தார். மூன்று தெரு தள்ளி இருக்கிறார். சொந்தத்தில் நான் கொஞ்சம் பயப்படுகிற ஒரே ஆள் அவர்தான். கையில் நேற்று நான் கொடுத்த டப்பா. கூடத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்து ஒரு பிஸ்கட்டை என்னிடம் கொடுத்துக் கடித்துப் பார்க்கச் சொன்னார். கடித்தேன். வெண்ணெய் அழகாகக் கரைந்தது. அது கரைந்த பின்னாலேயே பட்டை வாசனை வந்தது, பிரியாணி தம் போட்ட மாதிரி.

"வெளிநாட்டு பிஸ்கட்ல பட்டை எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

நான் அவ்வளவு சுலபத்தில் விழுகிற ஆளா? அரபிக்காரர்கள் எல்லாவற்றிலும் பட்டை போடுவார்கள், இது புது மாதிரி என்று கூசாமல் சொன்னேன். அக்கா மூடியைப் போட்டு டப்பாவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். எப்போதைக்குள் தின்ன வேண்டும் என்று அச்சடித்திருந்த தேதி ஆறு வருடத்துக்கு முந்தியது. மேல்மூடியைப் பளபளவென்று தேய்த்த நான் அடியைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. என் கெட்டிக்காரத்தனம் அங்கே பல்லைக் காட்டியது.

உள் அறைக் கதவு திறந்தது. கசங்கிய கைலியோடு அவர் வெளியே வந்தார்.

"அவ சுட்டது, அக்கா. நான் ஒண்ணும் கொண்டாரல. கம்பெனிய மூடிட்டாங்க. இனிமே போறதுக்கு எடமில்ல" என்றார்.

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, அவருடைய அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை தப்பாக வந்தால் வயதில் பெரியவர் என்றுகூடப் பார்க்கப் போவதில்லை என்று மனதுக்குள் வரிந்துகட்டிக்கொண்டேன். அக்கா டப்பாவைக் கீழே வைத்தார். இத்தனை நாளும் இதற்காகவா உள்ளே இருந்தாய் என்று தம்பியிடம் கேட்டார். இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அக்கா எழுந்து போய் ஒரு பிஸ்கட்டை அவர் கையில் வைத்தார்.

"இருவத்திரெண்டு வருசமா டப்பா டப்பாவா கொண்டாந்து குடுத்தே. என் வூட்டுல ஒக்காந்து நீ ஒண்ணு தின்னு நான் பாத்ததில்ல. தின்னுடா" என்றார்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து தின்றார். தூளெல்லாம் கைலியில் உதிர்ந்தது. கண் கலங்கியது, துடைக்கவில்லை. இரண்டாவதை அவரே கைநீட்டி எடுத்தார். நான் டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போனேன். டீ குடித்து முடித்ததும் அக்கா மீதி பிஸ்கட்டோடு டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பட்டை வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, அடுத்த தடவையும் போடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு சிட்டிகை பட்டைத்தூள் சேர்க்கிறேன். ஐந்தாவது சாமான் அதுதான்.

அக்கா போன பிறகு, திருச்சிக்குப் போகிறீர்களா இல்லையா என்று நேராகவே கேட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வை என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஜும்மாவுக்குக் கிளம்பிப் போனார். தெருக்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நான் எதற்கும் சாமானியத்தில் பயப்படுகிறவள் இல்லை. அன்றைக்குப் பயந்துதான் போனேன். தொழுகை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகும் அவரைக் காணோம். கடைசியாக வந்து செருப்பைக் கழற்றினார்.

கேட்டார்களா என்றேன். எல்லாரும் கேட்டார்கள் என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"போகலன்னு சொன்னேன்."

தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கை கழுவப் போனார். எத்தனையோ வெள்ளிக்கிழமை, சரியாக இந்த நேரத்துக்கு அங்கிருந்து போன் வரும். சாப்பிட்டியா என்று கேட்பார். சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பேன். ஒருத்திக்காகத் தட்டு வைக்கப் பிடிக்காமல் பல நாள் அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு பாத்திரத்தை மூடியிருக்கிறேன். அதை அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அன்று அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாயை விரித்தார். அவரே இரண்டு தட்டை எடுத்து வைத்தார்.

"வா, சாப்புடலாம்" என்றார்.

சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.