உப்பை வறுக்கிறவர்

வாணலியில் கிடக்கும் உப்பை அடியோடு ஒருமுறை புரட்டிவிட்டு, அதன் பக்கம் காதைச் சாய்க்கிறார். ஈரம் போகாத உப்பு படபடவென்று வெடிக்கிறது. "கத்துது பாருங்க. கத்தி முடிக்கட்டும்" என்கிறார். சத்தம் அடங்கி, உப்பு கரண்டிக்கு முன்னால் சரசரவென்று ஓடத் தொடங்கிய பிறகுதான் நிலக்கடலையை அதில் கொட்டுவார். அதுவரை யார் கேட்டாலும் கடலைக்கு உள்ளே இடமில்லை.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். உலோகத் தொழிற்சாலையில் உலை பார்க்கிறார். அங்கேயும் தனக்கு இதே வேலைதான் என்பார். பொடித்த தாதுக்கல்லோடு உப்பைக் கலந்து, படுத்தவாக்கில் சுழலும் நீண்ட உலைக்குள் விட்டு வறுக்கிறார்கள். வறுபட்ட பிறகு, அதுவரை கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்த வனேடியம் என்ற உலோகம் தண்ணீரில் கரைந்து வந்துவிடும். எஃகுக்கு வலுவூட்ட அது வேண்டும். சூடு குறைந்தால் கரையாது, மீறினால் மொத்தமும் இளகி உலைச் சுவரில் அப்பிக்கொள்ளும். சூட்டைக் காட்டக் கருவிகள் உண்டு. ஆனாலும் நீலக் கண்ணாடி வழியாக ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்க்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

"அங்க உப்பு உள்ள போனா அதோட சரி. புகையாகி ஆளையே விரட்டும்" என்பார். பிறகு வாணலியைக் காட்டுவார். "இது அப்படியில்ல. வருஷக்கணக்கா என்கூட குடும்பம் நடத்துது." கடலையைச் சலித்து எடுத்தபின் அதே உப்பை ஆறவைத்து மறுபடி டப்பாவில் போட்டுவிடுவார். வறுபட்டு வறுபட்டு அது சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் யாராவது கை வைத்தால் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்.

அவர் மனைவி தையல் கடையில் வேலை செய்பவர். அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. செங்கல் நிறத் தூசி ஏறிய தொழிற்சாலை பூட்ஸ் நிலைப்படியைத் தாண்டக் கூடாது. மழையோ வெயிலோ, வாசலுக்கு வெளியே அவை குப்புறக் கவிழ்ந்துதான் கிடக்கும். இரண்டாவது, உலையால் உடம்புக்கு ஏதாவது வந்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிட வேண்டும். இதற்குத் தன் தலையில் கை வைக்கச் சொல்லி வாக்கு வாங்கியிருக்கிறார்.

உடம்புக்கு வந்துவிட்டது என்பது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. சாக்கடை பொங்கித் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஒரு காலையில், இவர் மட்டும் அதன் ஓரமாக நின்று நிதானமாகக் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டார்.

"போயிடுச்சு சார். அந்தப் புகைதான், கொஞ்சம் கொஞ்சமா வாசனையத் தின்னுடுச்சு. வீட்டுல மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சா உலைய விடச் சொல்லிடுவா. அத விட்டுட்டு நான் எங்க போய் நிப்பேன்?"

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் கவனித்தால் வேடிக்கைதான். வாசனை தெரியாத இந்த மனிதர்தான் எங்கள் தெருவில் வாசனையைப் பற்றி அதிகம் பேசுகிறவர். மனைவி குழம்புச் சட்டியைத் திறந்தால் இவர் முதலில் அந்த அம்மாளின் முகத்தைப் பார்ப்பார். முகம் மலர்ந்தால் இவரிடமிருந்து ஒரு "ஆஹா!" சுளித்தால் ஒரு "சே, தீஞ்சுடுச்சா?" கடலை கருகுமோ என்ற பயம் இவருக்கு இல்லை. அதற்குக் காது போதும், தோலின் நிறம் போதும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வாணலி மேல் குனிந்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி மூச்சை இழுப்பார்.

போன வாரம் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, உப்பு டப்பாவின் அடி அரித்து ஓட்டை விழுந்துவிட்டது. பரணில் தேடி, காலியாகக் கிடந்த வேறொரு தகர டப்பாவை எடுத்தார். தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பளபளவென்று ஆன பிறகே உப்பை மாற்றினார். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கம்பளிகளுக்குப் போடும் அந்துருண்டைகளை அவர் மனைவி முன்பு பல வருடம் அதில்தான் வைத்திருந்தார்.

மறுநாள் மதிய ஷிப்டுக்கு முன்னால் வழக்கம்போல அடுப்பைப் பற்றவைத்தார். உப்பு சூடேற ஏற, நெடி சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அவரை எச்சரிக்கலாம் என்று ஓடினேன். வாசலில் எனக்கு முன்னால், கையில் பையோடு அவர் மனைவி. ஊரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார்.

காலடி கேட்டது இவருக்கு. அன்றைக்கென்று திரும்பி முகத்தைப் பார்க்கவில்லை. வாணலி மேல் குனிந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"வந்துட்டியா? என்ன வாசனை பாரு! தெருவே மணக்குதுல்ல?"

பிறகுதான் திரும்பினார். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அந்துருண்டை நெடி கொடலப் பொரட்டுது" என்றார் மனைவி. "உங்களுக்குத் தெரியலையா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"என் தலையில கை வெச்சீங்க."

சத்தம் போட்டிருந்தால் தேவலை. அதை மட்டும் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இவர் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார், நான் விலகிக்கொண்டேன். கவிழ்ந்து கிடந்த பூட்ஸை எடுத்து, பழக்க தோஷத்தில் படியில் இரண்டு தட்டுத் தட்டித் தூசியை உதிர்த்தார். ஹாரன் மறுபடி அடித்தது. காலில் மாட்டிக்கொள்ளவில்லை. இரண்டையும் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் திரும்பினார். நிலைப்படியில் நின்ற மனைவி, பொத்திய மூக்கை விடாமலே, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.