நான் கண்ட பிறை

என் கணவருக்குக் கண்டியில் துணிக்கடை இருந்தது. அதைவிடச் சுறுசுறுப்பான வியாபாரம் ஒன்றை வீட்டில் நடத்தினார்: என் புத்தியில் குற்றம் கண்டுபிடிப்பது. கடைச் சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, நான்தான் எங்கோ போட்டுவிட்டேன் என்று வீட்டையே கவிழ்த்துத் தேட வைப்பார். கடைசியில் பையில் கை பட்டதும், என்னோடு வாழ்ந்து தனக்கும் மறதி வந்துவிட்டது என்பார். அவருடைய மறதிக்கும் நான்தான் பொறுப்பு.

கம்பளையில் வாப்பா வீட்டில் நான் இப்படி இருக்கவில்லை. கோழிக்கூட்டைப் பூட்டினால் பூட்டினதுதான். கல்யாணமாகிக் கண்டிக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், பூட்டிய கூட்டைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். பால் திரிந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என் மாமியிடம் கொண்டுபோய் நீட்டுவேன். கணவரைப் பெற்ற அந்த மனுஷிக்கு வருஷம் முழுக்கச் சளி. அடைத்துப்போன மூக்கை நம்பினேன், நல்ல மூக்கை நம்பவில்லை. இப்போது நினைத்தால் அவர்களைவிட என்மேல்தான் எனக்கு ஏளனமாக வருகிறது.

அந்த வருஷம் நோன்பு இருபத்தொன்பது ஆகியிருந்தது. அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. ஆண்களுக்கு அது அண்ணாந்து பார்க்கிற வேலை. எங்களுக்குப் பெருநாள் சமையலுக்கும் விடியுமுன் சாப்பிடும் சஹர் சோற்றுக்கும் சேர்த்து ஆயத்தம் செய்கிற வேலை. பெருநாள் இனிப்பான தொதல் மட்டும் முன்னதாகவே கிண்டி, தட்டில் பரப்பி, துணியால் மூடி, சாமான் அறையில் இருந்தது. பெருநாள் தொழுதுவிட்டு வந்து வீட்டின் மூத்த மகன் கத்தி வைத்த பிறகுதான் அதை மற்றவர்கள் தொடலாம் என்பது அந்த வீட்டுச் சட்டம். மூத்த மகன் என் கணவர். தேங்காய் துருவியதும், கித்துல் கருப்பட்டியை உடைத்ததும், கை மரத்துப்போகக் கிண்டியதும் நான். கத்தி வைக்கிற கஷ்டம் அவருக்கு.

நோன்பு திறந்த கையோடு ஆண்கள் பள்ளிவாசல் முற்றத்துக்குப் போனார்கள். அது பள்ளத்தில் இருந்தது. அங்கே நின்று மேற்கே பார்த்தால் ஒரு மேடும் அதன்மேல் பலா மரங்களும்தான் தெரியும். இவர்களுக்காகப் பிறை பலா மரத்தில் ஏறி உட்கார வேண்டும். எங்கள் வீடு மேட்டில். காய்ந்த துணியை எடுக்க நான் சமையலறைக்குப் பின்பக்கம் போனேன். மேகம் ஓரிடத்தில் விலகியிருந்தது. அதற்குள் பிறை நின்றது, வெட்டிப் போட்ட நகத்தைப்போல. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அங்கேயேதான் நின்றது. மேகம் மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறை இல்லை என்ற முடிவோடு கணவர் வந்தார். நான் கண்டேன் என்றேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, சிரித்தார்.

"அத்தன ஆம்புளைங்க பள்ளியில நிண்டு காணாதத்த நீ குசினிக்குப் பின்னால நிண்டு கண்டியா? கோழிக்கூடு பூட்டினதே ஒனக்கு ஞாபகம் ஈக்கிறல்ல."

பசி மயக்கத்தில் மேகத்தின் ஓரம் அப்படித் தெரியும் என்றார் மாமி. நான் அப்போதுதான் இரண்டு கோப்பை கஞ்சி குடித்திருந்தேன். அவர்கள் பேசப் பேச, நான் கண்ட பிறை என் கண்ணுக்குள்ளேயே தேய்ந்துகொண்டு வந்தது.

சின்ன வயதில் ஓதும்போது எங்களுக்குச் சொல்லித் தந்த சட்டம் ஒன்று உண்டு. தன் கண்ணால் பிறை கண்டவர், ஊர் ஏற்காவிட்டாலும், மறுநாள் நோன்பு பிடிக்கக் கூடாது. ஊரில் குழப்பம் வராமல் ஒளித்துச் சாப்பிட வேண்டும். நான் கண்டது பிறை என்றால் நோன்பு பிடிப்பது பாவம். இல்லை என்றால் நோன்பை விடுவது பாவம். இதற்கு மாமியின் மூக்கை இரவல் கேட்க முடியாது. கண்டது நான், பதில் சொல்ல வேண்டியதும் நான். சஹர் சாப்பிட்டேன், ஆனால் எந்த முடிவுக்கும் வரவில்லை.

காலையில் கடைக்குக் கிளம்பும்போது கணவர் வழக்கம்போல் சாவி எங்கே என்று சத்தம் போட்டார். அவர் திரும்பியபோது பையில் சாவி கிலுங்கியது. அந்தச் சத்தம் எத்தனையோ வருஷமாக என் காதில் விழுந்துதான் இருந்தது. விழவில்லை என்று எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அன்று நான் தேடவில்லை. பையில் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சாமான் அறைக் கதவைச் சாத்தி, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, தொதலின் ஒரு மூலையை வெட்டினேன். முதல் வாயை மெல்லாமலே விழுங்கினேன். இரண்டாவது வாய் இனித்தது. தட்டை மறுபடி மூடி, துணியின் ஓரங்களை நன்றாகச் செருகிவைத்தேன். கூட்டைத் திரும்பிப் பார்ப்பதுபோல அதைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று மாலை மழை. வானம் எங்கே என்றே தெரியவில்லை. நேற்றுப் பிறை இருந்திருந்தால் இன்றைக்குப் பெரிதாகத் தெரியுமே என்று என் கணவர் மழையிடம் வாதாடிக்கொண்டிருந்தார். நான் வெளியே போய்ப் பார்க்கவே இல்லை.

மறுநாள் ஊருக்குப் பெருநாள். தொழுதுவிட்டு வந்து, புதுச் சாரமும் தொப்பியுமாகக் கத்தியோடு உட்கார்ந்தார் கணவர். துணியை எடுத்தால் தட்டில் ஒரு மூலை இல்லை. எலி என்றார் மாமி. அவ்வளவு நேராக வெட்டுகிற எலி கிடைத்தால் கடையில் துணி கிழிக்க வைத்துக்கொள்ளலாம். கணவர் என் பக்கம் திரும்பி, நான்தான் மூடாமல் விட்டிருப்பேன் என்றார். முன்பென்றால் அவர் சொன்ன உடனேயே, நான் மூடாமல் விட்டது எனக்கே ஞாபகம் வந்திருக்கும்.

"மூடித்தான் ஈந்திச்சி. நான் வெட்டிச் சாப்பிட்டேன்."

"எப்ப?"

"பெருநாளைக்கு."

அவர் மாமியைப் பார்த்தார். மாமி மூக்கை உறிஞ்சினார். கணவர்தான் மறுபடி கேட்டார்.

"ஆரு பிறை கண்ட?"

"நான்."

கத்தி அவர் கையில் சும்மா இருந்தது. அதை வாங்கி மீதியை நானே வெட்டினேன்.