கோகிலாவுக்கு விட்டு வைத்த பகுதி

கனகலட்சுமி சங்கரன்கோவிலில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறாள். அது சம்பளத்துக்கு. மனசுக்குப் பிடித்த வேலை வேறு.

கல்லூரியில் அவளும் கோகிலாவும் ஒரே பெஞ்ச். கிணற்று மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பெட்டிகளில் ஒரு மலிவான சிப் இருக்கும். நாம் எழுதும் புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தக்கூடிய இலவசக் கம்பைலர் ஒன்றுக்கு அந்தச் சிப்பைத் தெரியாது. தெரிய வைப்போம் என்று இருவரும் இறங்கினார்கள். முழு எண் கணக்கு கனகலட்சுமிக்கு, தசமக் கணக்கு கோகிலாவுக்கு.

படிப்பு முடிந்ததும் கோகிலாவை ராயகிரியில் கட்டிக்கொடுத்தார்கள். எலுமிச்சைத் தோட்டம், மாமனார் மாமியார், பிறகு இரட்டைப் பிள்ளைகள். கம்ப்யூட்டர் பரணுக்குப் போனது.

கனகலட்சுமி விடவில்லை. அந்தக் கம்பைலரைப் பார்த்துக்கொள்ளும் முகம் தெரியாத ஆட்கள் குறை சொல்லச் சொல்லத் திருத்தி அனுப்பினாள். சென்ற வருடம் அவள் பகுதியை ஏற்றுக்கொண்டார்கள். தசமக் கணக்கை மட்டும் அவள் தொடவில்லை. கேட்டவர்களுக்கு, "அதற்கு ஒருத்தி இருக்கிறாள்" என்று எழுதினாள்.

போலந்திலிருந்து ஒருவர், தான் செய்யட்டுமா என்று கேட்டபோதுதான் ராயகிரிக்குப் போன் போட்டாள்.

"அவரே செய்யட்டும்ட்டி," என்றாள் கோகிலா. பின்னால் குக்கர் விசிலடித்தது.

"எப்படிச் செய்யப் போறாருன்னு சொல்லுதேன், கேளு."

"வேண்டாம். கேட்டா எனக்கும் செய்யணும்னு தோணும்."

கனகலட்சுமி போலந்துக்காரருக்குச் சரி என்று எழுதினாள். அன்று முழுக்க வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

ஆவணியில், போலந்துக்காரர் செய்த தசமக் கணக்கோடு கம்பைலரின் புதிய பதிப்பு வெளிவந்தது. அந்தச் சிப்பைப் பொருத்தி ஒரு சிறு மோட்டாரோடு இணைத்து மேஜையில் வைத்திருந்த சர்க்யூட் பலகையில் ஓட்டிப் பார்த்தாள். மோட்டாரின் சூடு தசமப் புள்ளி பிசகாமல் திரையில் வந்தது. கோகிலாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"நம்ம சிப் பேருக்கு நேரே தசமக் கணக்கும் வந்திருக்கு. பாத்தேன்," என்றாள் கோகிலா.

"நீ இதெல்லாம் பாக்கியாட்டி?"

"போன்ல ஒவ்வொரு பதிப்பும் பாப்பேன்."

கனகலட்சுமி பலகையைக் கையில் எடுத்தாள். "ஒரு நாள் வாயேன். சேந்து உக்காருவோம்," என்றாள்.

"வாரேன் மக்கா."

ராயகிரியிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். தீபாவளியும் பொங்கலும் போய்விட்டன; கோகிலா வரவில்லை. அடுத்த பதிப்புக்கு என்ன செய்யலாம் என்று கம்பைலர் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். கனகலட்சுமி இன்னும் பதில் எழுதவில்லை.